இரவல் தும்மல்

"உங்க நாத்தனாரோட அணுக்கள்தான் உங்களுக்குப் பொருந்துது" என்று டாக்டர் ஃபர்ஹானா சொன்னதும் பொன்செல்வி கேட்ட முதல் கேள்வி, "வேற யாருமே இல்லையா டாக்டர்?" என்பதுதான்.

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த சுயம்புராஜன் சிரிக்கவில்லை. மனைவிக்கும் அக்காளுக்கும் நடுவில் பல வருஷமாக மாட்டிக்கொண்டிருப்பவர் அவர். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாலும் வம்பு, சிரிக்காவிட்டாலும் வம்பு என்பதால் பொதுவாக மேலே ஓடும் மின்விசிறியைப் பார்ப்பது அவருடைய வழக்கம். இப்போதும் பார்த்தார்.

தூத்துக்குடியில் பொன்செல்வியைத் தெரியாதவர்கள்கூட அவளுடைய இறால் ஊறுகாயைத் தெரிந்து வைத்திருந்தார்கள். முத்தையாபுரத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கும் சின்னத் தொழிற்சாலை. எந்தச் சட்டி இறங்கினாலும் முதல் கரண்டி அவள் நாக்கில் பட்ட பிறகுதான் பாட்டிலுக்குள் போகும். அப்படி இருந்தவளுக்கு இடது மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை ஆகி, கதிர்வீச்சு ஆகி, எல்லாம் முடிந்தது என்று மொட்டை போட்டுத் திரும்பி வந்த மூன்றாம் வருஷம் இடுப்பில் வலி தொடங்கியது. எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றார் சுயம்பு.

"இவங்களோட கட்டிக்கு ஹார்மோன்தான் தீனி. இத்தனை நாள் மாத்திரை கொடுத்து அந்தத் தீனியை நிறுத்தி வெச்சிருந்தோம். இப்ப அது தீனி இல்லாமலே வளரக் கத்துக்கிச்சு."

"எதிர்ப்புச் சக்தி வைத்தியம்னு ஒண்ணு இருக்கே? எங்க தெருவுல ஒருத்தருக்கு நுரையீரலுக்குக் குடுத்தாங்க, இப்ப சைக்கிள் மிதிச்சுப் போறாரு."

"அது காவல் அணுக்களோட கையைக் கட்டியிருக்கிற கயித்தை அவுத்துவிடுற மருந்து. ஆனா இந்த வகைக் கட்டிக்குள்ள காவல் அணு அவ்வளவா நுழையறதே இல்லை. வாசல்ல நிக்குது, எட்டிப் பார்க்குது, நம்ம வீட்டு ஆளுதானேன்னு திரும்பிப் போயிடுது. கயித்தை அவுத்து என்ன பிரயோஜனம்?"

"என் குணம் அப்படியே என் உடம்புக்கும் வந்துருக்கு" என்றாள் பொன்செல்வி. "எல்லாரையும் நம்பிருது."

சுயம்பு இருமினார். சரக்கு ஏற்றிப்போகிற லாரியின் பெட்டிகளைத் தானே எண்ணாமல் ஒருநாளும் அனுப்பாதவள் அவள்.

"அதனாலதான் சந்தேகப்படுற உடம்பு ஒண்ணு தேவைப்படுது" என்றார் டாக்டர். "அலர்ஜி இருக்கிறவங்க உடம்பு எப்பவும் உஷார். சும்மா பறக்குற தூசியைக்கூட எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகும். அந்த அணுக்களை எடுத்து, இங்க ஆய்வுக்கூடத்துல உங்க கட்டியைக் காட்டிப் பழக்கி, உங்களுக்குள்ள விட்டா அது நுழையுது. போன ரெண்டு வருஷமா பார்த்துட்டு இருக்கோம். நல்லா வேலை செய்யுது. ஆனா கொடுக்கத்தான் ஆள் கிடைக்கலை."

கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வாமைத் தடுப்பூசி வந்து பல காலம் ஆகியிருந்தது. இந்த 2047இல் பள்ளிக்கூடத்திலேயே அதைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முப்பது வயதுக்குக் கீழே தும்முகிற மனிதரைப் பார்ப்பதே அபூர்வம். பொன்செல்வியின் மகள் சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்து கையை நீட்டினாள். பள்ளியில் ஊசி போட்டவள் என்பதால் அவளுடைய அணுக்கள் பரம சாது, உதவாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தங்கபுஷ்பம் அம்மா ஊசியே போட்டுக்கலையாம். அதுவும் நீங்க அவங்களுக்குத் தாய்மாமன் பொண்ணு. சொந்தத்துல கட்டினதால பொருத்தமும் இருக்கு" என்றார் டாக்டர்.

"அவுக ரத்தம் உங்களுக்கு எப்படி டாக்டர் கெடச்சுது? என் வீட்டு நடையேறி அவுக எத்தனை வருசம் ஆகுது!"

டாக்டர் சுயம்புவைப் பார்த்தார். சுயம்பு மின்விசிறியைப் பார்த்தார்.

"சுகர் பாக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் கடைசியில்.

*

சண்டையின் மூலம் ஒரு சாம்பார்க் கரண்டி. பொன்செல்வி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, இறால் குழம்பில் கிடந்த கரண்டியை யாரோ அவசரத்தில் சாம்பாரில் போட்டுவிட்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு இறால் ஆகாது. இறால் மட்டுமல்ல, மல்லிகைப்பூ, பூனை, தலைச்சாயம், மாம்பூ, பழைய கம்பளி எதுவுமே ஆகாது. இரண்டு வாய்ச் சோறு தின்றதும் உதடு வீங்கி, மூச்சடைத்து, ஆம்புலன்ஸில் போனாள். திரும்பி வந்த பிறகு ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைக் கொலை முயற்சி என்றே சொன்னாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு சுயம்பு வழியாகத்தான்.

தங்கபுஷ்பம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மல்லிகைப்பூவோடு வந்தார்கள். மாப்பிள்ளையைச் சரியாகப் பார்ப்பதற்குள் இவளுக்குக் கண் மூடிப்போகும். தும்மிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விடுவாள். தடுப்பூசி வந்தபோது, "அதுல என்னத்தக் கலந்துருக்கானுவளோ" என்று மறுத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் அறுபது வயதில் ஊசிக்கு நாள் குறித்திருந்தாள் என்பது சுயம்புவுக்கு அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. காரணம், அடுத்த வீட்டு கமிலஸ் மச்சாது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், மனைவியை இழந்தவர், ஐந்து பூனைகள் வளர்ப்பவர். பூனை முடி பறந்து வருகிறது என்று திட்டுவதற்காகத்தான் தங்கபுஷ்பம் அவர் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். மறுநாளும் திட்டப் போனாள். பிறகு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தினமும் திட்டப் போனாள். மச்சாது ஒருநாள், "நாம ஒரே வீட்டுல இருந்தா உங்களுக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே" என்று கேட்டுவிட்டார்.

"திங்கக்கிழம ஊசி. பொறவு ஒரு மாசத்துல பதிவுத் திருமணம்" என்றாள் தங்கபுஷ்பம். "நீ எதுக்குலே மூஞ்சியத் தூக்கிட்டு வந்துருக்க?"

சுயம்பு சொன்னார். ஊசி போட்டால் அவளுடைய அணுக்களின் சந்தேகம் போய்விடும் என்பதையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

தங்கபுஷ்பம் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். "போலே, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பொன்செல்வியே ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். சுயம்பு பின்னாலேயே வந்தார்.

"ஏலே, உன் பொண்டாட்டிக்கு நாக்காலி எடுத்துப் போடு" என்றாள் தங்கபுஷ்பம்.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, நான் நின்னுக்கிடுதேன்னு" என்றாள் பொன்செல்வி.

"நிக்க முடியாதவளாட்டம் இருக்கா. உக்காரச் சொல்லு."

"நான் உக்கார வரலன்னு சொல்லுங்க."

சுயம்பு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போனார். பொன்செல்வி கதவைப் பிடித்தபடி ஒரு காலை மாற்றி வைத்தாள். முகம் சுருங்கியது.

"எங்க வலிக்குட்டி?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். கேட்ட பிறகுதான் நேரடியாகக் கேட்டுவிட்டது அவளுக்கே உறைத்தது.

"இடுப்பெலும்புல மைனி."

"ராத்திரி தூங்குதியா?"

"ஒருச்சாய்ச்சுப் படுத்தா கொஞ்ச நேரம் கண்ணசரும்."

பொன்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதையும் கேக்க வரல மைனி. நீங்க திங்கக்கிழம போய் ஊசியப் போட்டுக்கிடுங்க. இவுக உங்ககிட்டச் சொல்லாம உங்க ரத்தத்த எடுத்துட்டாக. அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சுகர் பாக்கணும்னு சொன்னான் மூதி" என்று தங்கபுஷ்பம் தம்பி பக்கம் திரும்பினாள். "சுகர் எவ்வளவுலே இருந்துச்சு?"

"அது பாக்கலக்கா."

"பாத்தியா, வந்ததுக்கு அதையாவது பாத்துருக்கலாம்!"

பொன்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பில் சுரீரென்றது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளைக்கு நான் ஊசி போடாம இருக்கணும்?"

"ரெண்டு வருசம்னு டாக்டர் சொல்லுதாக. நாலு மாசத்துக்கு ஒருக்க அணு எடுப்பாங்களாம்."

"ரெண்டு வருசமா? அவருக்கு அறுவத்தாறு ஆச்சுட்டி."

"அதான் சொல்லுதேன், போட்டுக்கிடுங்க."

தங்கபுஷ்பம் எழுந்து உள்ளே போனாள். யாருடனோ போனில் பேசுவது கேட்டது. முதலில் ஊசி போடும் இடத்துக்கு, கறாரான குரலில். அடுத்து வேறு ஒருவருக்கு, அந்தக் குரல் மிகவும் தணிந்திருந்தது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பூனையாகவும் இருக்கலாம்.

"திங்கக்கிழம வேண்டாம்னுட்டேன்" என்றாள். "சாம்பாருக்கு இது சரியாப் போச்சுன்னு நெனச்சுராத. அது வேற கேசு."

*

அணுக்களை எடுத்து, பழக்கி, பெருக்கி, ஒரு பையில் அடைத்துப் பொன்செல்வியின் கையில் ஏற்ற ஐந்து வாரம் ஆனது. பை சின்னது. பார்ப்பதற்குக் கழுநீர் மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று சுயம்பு நினைத்தார்.

"உள்ளே போனது பிடிச்சுதான்னு ஸ்கேன்ல தெரிய மூணு மாசமாகும்" என்றார் டாக்டர் ஃபர்ஹானா. "ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு அறிகுறி வரும். அந்தச் சந்தேக புத்தியைத் தனியாப் பிரிச்சு எடுக்க எங்களுக்கு இன்னும் தெரியலை. மொத்தமாத்தான் வரும். அவங்களுக்கு எதெல்லாம் ஆகாதோ, அதெல்லாம் ஒவ்வொண்ணா உங்களுக்கும் ஆகாமப் போகணும். தும்மினீங்கன்னா நல்ல சேதி."

"இறாலுமா?"

"இறாலும்தான். அதைத் தின்னு மட்டும் சோதிக்காதீங்க. தொண்டை அடைச்சுக்கும்."

பொன்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீடு ஒரு தும்மலுக்காகக் காத்திருந்தது. சுயம்பு தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்து மனைவியின் மூக்கருகே வைத்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் இத்தனை பூ வாங்கியதில்லை. தலைச்சாயம் பூசிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேராகத் தலையை நீட்டினார். பரணிலிருந்து பழைய கம்பளியை எடுத்து உதறினார். உதறியதில் அவரே நாலு தும்மல் போட, சமையலறையிலிருந்த வேலைக்காரப் பெண், "அம்மா தும்மிட்டாவ!" என்று ஓடிவந்து ஏமாந்து போனாள். விசாரிக்க வருகிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "தும்மியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். தொழிற்சாலைப் பெண்கள் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டார்கள். முருகனிடம் தும்மல் கேட்டு வேண்டிக்கொண்ட முதல் ஆட்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

பொன்செல்வி எல்லாவற்றையும் முகர்ந்தாள். எதுவும் ஆகவில்லை. மல்லிகை மல்லிகையாகவே மணத்தது.

இரண்டு வாரம் கடந்து மூன்றாவது வாரமும் பாதி போனது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், "பிடிக்கல போலங்க" என்றாள்.

சுயம்பு கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் பெரிசா பயம் இல்ல. நம்ம பாக்டரியில அந்த எல்சி பாப்பாவ மட்டும் அடுப்புப் பக்கம் தனியா விடாதீங்க, அவ கைக்கு உப்பு கூடிரும்" என்றாள். "மைனிக்கும் சொல்லிருங்க, ஊசியப் போட்டுக்கிடட்டும். பாவம், அந்த மனுசன் காத்துக்கிட்டுக் கெடக்காரு."

அந்த மனுஷன் அப்போது வாசலில் நின்றார். கையில் மக்ரூன் டப்பா. மச்சாது அந்த வீட்டுக்கு வருவது அதுவே முதல் தடவை. தங்கபுஷ்பமும் கூட வந்திருந்தாள். ஆனால் வீடு முழுக்க மல்லிகை கிடந்ததால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார் மச்சாது. வெள்ளைச் சட்டை. அதன் மேல் ஐந்து பூனைகளின் ஐந்து வகை முடிகள்.

பொன்செல்வி, "வாங்க அண்ணாச்சி" என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மூக்கு நுனி விடைத்தது. கண் இரண்டும் மேலே போயின. கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

தும்மினாள்.

மக்ரூன் டப்பா கீழே விழுந்தது. இரண்டாவது தும்மலுக்கு மேஜை மேலிருந்த தம்ளர் உருண்டது. மூன்றாவது, நான்காவது என்று தொடர்ந்து வர, சுயம்பு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, "நூறு! நூறு! நூறு!" என்று கத்தினார். மச்சாது தன்னால் ஏதோ விபரீதம் ஆகிவிட்டதென்று பயந்து வெளியே போகப் பார்த்தார். சுயம்பு அவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எங்கயும் போவாதீங்க அத்தான், இங்கனயே இருங்க!"

எதிர்வீட்டுக்காரர் நல்ல நேரம் பார்த்து வீட்டு மனை முன்பணம் கொடுக்கக் கிளம்பியவர், இந்தத் தும்மல் சத்தம் கேட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே தங்கபுஷ்பம், "என்னலே சத்தம்? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுயம்பு ஓடிப்போய்ச் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவளும் தும்மினாள். உள்ளேயிருந்து பொன்செல்வி பதிலுக்குத் தும்மினாள். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தது என்று சுயம்பு பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

*

மூன்றாம் மாத ஸ்கேனில் கல்லீரலில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருந்தன. அடுத்ததில் இடுப்பெலும்பில் இருந்ததும் வளராமல் நின்றிருந்தது. பொன்செல்வி ஒருக்களிக்காமல் நேராகப் படுத்துத் தூங்கினாள்.

மற்றதெல்லாம் தலைகீழாகப் போனது. சுயம்பு தலைச்சாயத்தை விட்டார். ஒரே மாதத்தில் தலை பஞ்சாகி, பார்க்க வருகிறவர்கள் நோயாளி யார் என்று குழம்பினார்கள். மாமரம் பூக்கும் மாசத்தில் பொன்செல்வி ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். தொழிற்சாலைக்கு அவளால் போகவே முடியவில்லை. இறால் வேகும் ஆவி பட்டால் கண் வீங்கியது. ருசி பார்க்கும் வேலை சுயம்புவிடம் வந்தது. அவர் முப்பது வருஷமாக எதைச் சாப்பிட்டாலும் "நல்லாருக்கு" என்று சொல்லிப் பழகியவர். ஊறுகாயையும் அப்படியே சொன்னார். உப்பு கூடிய இரண்டு சரக்கு துபாயிலிருந்து திரும்பி வந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் முகமூடி போட்டுக்கொண்டு போனாள். சட்டி இறங்கியதும் எல்லாம் மறந்து, வழக்கம்போல் கரண்டியை எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள். அடுத்த சில நிமிஷத்தில் தொண்டைக்குள் யாரோ கையை விட்டு மூடுவது போல ஆனது. இப்படி ஆனால் போடச் சொல்லி டாக்டர் கொடுத்து வைத்திருந்த அவசர ஊசியை எல்சி அவள் தொடையில் குத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

கண் விழித்தபோது எதிரில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள்.

"மைனி."

"பேசாத. தொண்ட புண்ணாயிருக்கும்."

"அன்னைக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள்.

"செத்துருவோம்னு நெனச்சேன் மைனி. நீங்களும் அப்படித்தான நெனச்சுருப்பீங்க. நான் என்னன்னா, மைனி வேணும்னு நாடகம் போடுதாகன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்? கொலகாரின்னு ஊரெல்லாம் சொன்னேன்." தங்கபுஷ்பம் போர்வையை இழுத்துவிட்டாள். "தூங்கு. இனிமே கரண்டியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

*

நாலு மாதத்துக்கு ஒரு முறை அணு எடுத்தார்கள். எடுப்பதற்கு முந்தைய வாரம் அவை விழிப்பாக இருக்க வேண்டும், ஓய்வில் விட்டால் சோம்பேறியாகிவிடும் என்றார் டாக்டர். அதனால் அந்த ஒரு வாரம் தங்கபுஷ்பம் தினமும் ஒரு மணி நேரம் பூனைகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். கல்யாணத்தை அதற்காகத் தள்ளிப்போடவில்லை. பூ இல்லாமல், பனையோலையில் பின்னிய மாலையைப் போட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு மாப்பிள்ளை அவர் வீட்டுக்கும் பெண் அவள் வீட்டுக்கும் போனார்கள். நடுவில் ஒரு சுவர். மச்சாது குளித்து, சலவைச் சட்டை மாற்றி, மாலையில் மனைவி வீட்டுக்கு விருந்தாளியாக வருவார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

நாலாவது முறை அணு எடுப்பதற்கு முந்தைய வாரம் பொன்செல்வி எதேச்சையாக மச்சாது வீட்டுப் பக்கம் போனாள். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். அவளுக்கும் பூனை ஆகாதே. உள்ளே தங்கபுஷ்பம் மடியில் ஒரு சாம்பல் பூனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. கழுத்தெல்லாம் தடித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. மச்சாது ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் மருந்தையும் வைத்துக்கொண்டு, "போதும் புஷ்பம், எந்திரி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "இன்னும் பத்து நிமிசம் இருக்கு" என்றாள் அவள்.

பொன்செல்வி அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து, தனக்கு இனிமேல் அணு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே தங்கபுஷ்பம் வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். "யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்ன?"

"என் உடம்பு. நான் சொன்னேன்."

"உள்ள இருக்கது என் அணுட்டி!"

"நீங்க படுத பாட்டப் பாத்தேன் மைனி. எனக்கு அப்படி ஒரு உசிரு வேண்டாம்."

தங்கபுஷ்பம் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். சுயம்பு பழக்கத்தில் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "நீ தள்ளுலே" என்றாள் அக்கா.

"இங்க பாரு செல்வி. நான் பொறந்ததுலேருந்து தும்முதேன். எங்கம்மா திட்டினா. பள்ளிக்கூடத்துல வெளிய நிறுத்துனாங்க. தபால் ஆபீசுல என் பக்கத்துல உக்கார மாட்டேன்னு எழுதிக் குடுத்தாங்க. நல்ல காரியத்துக்கு ஒருத்தி மனசாரக் கூப்பிட்டதில்ல, நீ உட்பட. அத்தன வருசத்துல என் தும்மலுக்கு ஒரு உபயோகம் இருக்குன்னு ஒரு நாதி சொன்னதில்ல. இப்பதான் சொல்லிருக்காங்க. அதுலயும் வந்து மண்ணப் போடாத."

பொன்செல்வி கைபேசியை எடுத்து, பெயரைத் தேடி, அழுத்தினாள்.

"டாக்டர், நாந்தான். மத்தியானம் சொன்னத விட்டுருங்க. மைனி அடிக்க வாறாக."

*

இரண்டு வருஷம் முடிந்த பிறகு டாக்டர் ஃபர்ஹானா மூவரையும் அழைத்து உட்கார வைத்தார்.

"முழுசாப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். தூங்கிட்டு இருக்கு. ஆனா இனி வெளியிலிருந்து அணு ஏத்த வேண்டியதில்லை. இவங்களோட அணுக்கள் உங்க எலும்புக்குள்ளயே குடிவந்துடுச்சு. அதுவே பெருகிக்கும், அதுவே காவல் பார்த்துக்கும்."

"அப்ப மைனி எனக்குள்ள நிரந்தரமா இருக்கப் போறாகளா?"

"ஆமா."

பொன்செல்வி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வாடக தரச் சொல்லுங்க" என்றாள்.

"உனக்குக் காவல் பாக்கதுக்கு நீ சம்பளம் குடுட்டி" என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த வாரமே ஊசிக்கு நாள் குறித்தார்கள். மச்சாது மறுநாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லிவிட்டார். நடுச்சுவரை உடைத்து ஒரு கதவு வைக்கத் திட்டம். கதவுக்கு என்ன நிறம் என்பதில் கணவன் மனைவிக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஊசி போடும் அன்று பொன்செல்வியும் துணைக்கு வந்தாள். தங்கபுஷ்பம் உள்ளே போனாள். பொன்செல்வி வராந்தா பெஞ்சில் காத்திருந்தாள். ஒரு ஊசிக்கு இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தபோது, உள்ளே டாக்டர் ஃபர்ஹானாவும் நிற்பது தெரிந்தது. அவர் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். சுருட்டிவிட்ட ரவிக்கைக் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"போட்டாச்சா மைனி?"

"இல்ல."

"ஏன், மருந்து தீந்துட்டா?"

"கோவில்பட்டியில ஒரு புள்ள இருக்காளாம். முப்பத்தி மூணு வயசு. உனக்கு வந்த அதே வகைதானாம். எந்த ஊர்லயும் யாரும் பொருந்தலையாம், என் அணு மட்டுந்தான் பொருந்துதாம். டாக்டரு என்னய வேணும்னு கேக்கல. ஊசி போட்டுக்கிட்டாலும் அது என் உரிமைன்னுதான் சொன்னாங்க. ஆனா தெரியாமப் போட்டுக்கிடக் கூடாதாம். அதான் ஓடி வந்து சொன்னாங்களாம்."

பொன்செல்வியின் கை தானாக இடுப்புக்குப் போனது. முகம் தெரியாத அந்தப் பெண் ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாளோ என்று நினைத்தாள்.

"அவளுக்கு எங்க வலிக்காம்?"

"முதுகெலும்புல."

வராந்தாவில் ஒரு நர்ஸ் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். இருவரும் காலை மடக்கி வழி விட்டார்கள்.

"எத்தன நாளைக்காம் மைனி?"

"அதே ரெண்டு வருசந்தான்."

"அண்ணாச்சிகிட்ட யாரு சொல்லுவா?"

"நீ சொல்லு" என்றாள் தங்கபுஷ்பம். "நான் பேசுனா அழுதுருவேன். பொறவு அவரும் அழுவாரு. ரெண்டு கெழடும் போன்ல அழுதா நல்லாவா இருக்கும்?"

பொன்செல்வி போன் போட்டாள். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, கொத்தனார நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

மறுமுனையில் சற்று நேரம் பூனைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மச்சாது கேட்டார்:

"இந்தத் தடவ யாருக்காம்?"